டெட் எழுதட்டும், பி.எட்.டை யார் திருத்துவது?

கேள்வி: என் மனைவி 18 வருடமாக அரசு உதவிபெறும் பள்ளியில் இடைநிலை ஆசிரியர். இப்போது போய் டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுது, தேறாவிட்டால் வேலை இல்லை என்கிறார்கள். ஆசிரியர்களின் தரத்தை உயர்த்த இதுதான் வழியா? நீங்களும் ‘எழுதினால்தான் என்ன’ கட்சியா?

பதில்: எழுதினால் ஒன்றும் குறைந்துவிடாது. பெரிதாக எதுவும் கூடிவிடவும் போவதில்லை, அதுதான் என் கட்சி.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பாடம் எடுப்பவர்களில், ஓய்வுபெற ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியாக வேண்டும்; இல்லையென்றால் ஓய்வுக்காலப் பலன்களை வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். ஐந்து ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர்கள் வேலையில் தொடரலாம், பதவி உயர்வு மட்டும் கிடையாது. நீதிபதிகளை மட்டும் திட்டிப் பயனில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டம் குறைந்தபட்சத் தகுதி வேண்டும் என்றது, 2010-ல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமமான என்.சி.டி.இ. அந்தத் தகுதியில் டெட்டைச் சேர்த்தது, முன்பே வேலையில் சேர்ந்தவர்களுக்கு வேண்டாம் என்றும் அதுவே சொன்னது. அதை நம்பியிருந்தவர்கள் தலையில்தான் இப்போது விடிந்திருக்கிறது. உங்கள் மனைவியின் கோபம் நியாயமானது.

சரி, டெட் எதை அளக்கிறது? 150 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள், 90 எடுத்தால் பொதுப்பிரிவில் தேர்ச்சி. தமிழ்நாட்டில் 2012-ல் முதல் தேர்வு நடந்தபோது எழுதியவர்களில் ஒரு சதவீதம்கூடத் தேறவில்லை. உடனே ‘வாத்தியார்களுக்கே ஒன்றும் தெரியவில்லை’ என்று ஊரே சிரித்தது. கேள்வித்தாளுக்குக் கொடுத்த நேரம் ஒன்றரை மணிதான் என்பதையும், மறுதேர்வில் அதை மூன்று மணியாக்கினார்கள் என்பதையும் சிரித்தவர்கள் யாரும் கவனிக்கவில்லை. அப்புறம் 2014-ல் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 82 மதிப்பெண் போதும் என்றார்கள், பழைய தேர்வு மதிப்பெண்களையும் சேர்த்துக் கணக்கிடும் வெயிட்டேஜ் கொண்டுவந்தார்கள், அதை எடுத்தார்கள், சான்றிதழ் ஏழு ஆண்டுதான் செல்லும் என்றிருந்ததை 2021-ல் ஆயுள் முழுக்கச் செல்லும் என்று மாற்றினார்கள். இத்தனை மாற்றத்திலும், இவர் வகுப்பில் பாடம் நடத்துவதை ஒருவர் உட்கார்ந்து பார்க்கட்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை!

மூன்றாம் வகுப்புப் பிள்ளை 42-லிருந்து 17-ஐக் கழித்து 35 என்று எழுதியிருக்கிறது. தப்பு போட்டுவிட்டு அடுத்த நோட்டுக்குப் போகிறவர் ஒரு வகை. ‘எப்படிடா போட்டே?’ என்று கேட்பவர் இன்னொரு வகை. அவருக்குத்தான் தெரியவரும், பையன் ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறான், பெரியதிலிருந்துதான் சின்னதைக் கழிக்க வேண்டும் என்று யாரோ சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று. அவன் மந்தமில்லை, ஒரு விதியை ஒழுங்காகத் தப்பாகப் பின்பற்றுகிறான். பத்துக்குச்சிக் கட்டு ஒன்றை அவிழ்த்து அவன் கையில் கொடுத்தால் பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். குழந்தைகளின் அறிவு வளர்ச்சி பற்றி உளவியலாளர் பியாஜே சொன்ன நான்கு நிலைகளையும் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிக்கிற ஒருவர் இந்த இடத்தில் விழிக்கலாம். விடைக்கு வட்டத்தைக் கறுப்பாக்கும் ஓ.எம்.ஆர். தாள் இவர்கள் இருவருக்கும் ஒரே மதிப்பெண் போடும்.

இதைக் கற்றுக்கொடுக்க வேண்டிய இடம் பயிற்சிக் கல்லூரி. அங்கே என்ன நடக்கிறது என்பதை உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையம் 2012-லேயே விசாரித்து அறிக்கை கொடுத்தது. தனித்து இயங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பயிற்சி நிறுவனங்களில் பெரும்பாலானவை பணத்துக்குப் பட்டம் விற்கின்றன என்று, அந்த ஆணையத்தை மேற்கோள் காட்டி 2020 தேசியக் கல்விக் கொள்கையே எழுதியிருக்கிறது. அதற்கு மருந்தாக பி.எட்.டை 2015 முதல் இரண்டு ஆண்டாக்கினார்கள், இப்போது நான்கு ஆண்டு ஒருங்கிணைந்த படிப்பு என்கிறார்கள். நல்லது. வகுப்புக்கே வராமல் ஓராண்டில் வாங்கிய பட்டத்தை, இனி வகுப்புக்கே வராமல் நான்கு ஆண்டில் வாங்கலாம்.

மாறவேண்டியது கற்பித்தல் பயிற்சி. விதிப்படி இரண்டு ஆண்டு பி.எட்.டில் 20 வாரம் பள்ளியோடு இருக்க வேண்டும். பல இடங்களில் அந்த வாரங்கள் எப்படிப் போகின்றன என்பது பயிற்சி முடித்த யாரைக் கேட்டாலும் தெரியும். ஆசிரியர் வராத வகுப்புக்கு இவர்களை அனுப்பிச் சத்தம் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள், மீதி நேரத்தில் ரெக்கார்டு நோட்டு, கலர் ஸ்கெட்ச்சில் சார்ட். மேற்பார்வைக்கு வரும் விரிவுரையாளர் பாடக்குறிப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த பள்ளிக்குப் போய்விடுவார், பாடத்தைக் கேட்டிருக்க மாட்டார். பள்ளியின் மூத்த ஆசிரியருக்கோ இது சம்பளமில்லாத கூடுதல் வேலை. அவருக்கு இதற்கென வாரத்தில் சில பாடவேளைகளைக் குறைத்து, தனியாகப் படியும் கொடுத்து, ‘இவர் தனியாக வகுப்பெடுக்கலாம்’ என்று எழுதும் அதிகாரத்தையும் கொடுக்க வேண்டும். முதல் ஓராண்டு தற்காலிகச் சான்றிதழ், வகுப்பறையில் இரண்டு மூன்று பேர் வெவ்வேறு நாளில் பார்த்தபின் நிரந்தரச் சான்றிதழ். சிபாரிசு புகுந்துவிடும் என்பீர்கள். புகும்தான், அதனால்தான் பார்ப்பவர்களில் ஒருவராவது வெளி மாவட்டத்துக்காரராக இருக்கவேண்டும் என்கிறேன். பாட அறிவுக்கு எழுத்துத் தேர்வும் இருக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை.

உங்கள் மனைவியை எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதவேண்டிய முதல் தாளில் 30 கணக்குக் கேள்விகளும் 30 சூழ்நிலையியல் கேள்விகளும் அவர் தினமும் நடத்தும் பாடத்தை ஒட்டியவைதான், குழந்தை வளர்ச்சிப் பகுதிக்கு மட்டும் கொஞ்சம் உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கும். கூடவே அவருடைய சங்கத்தை ஒன்று கேட்கச் சொல்லுங்கள். எந்தப் பயிற்சிக் கல்லூரியில் படித்தவர்கள் எத்தனை பேர் டெட் எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்று கல்லூரிவாரியாகப் பட்டியல் வெளியிட வேண்டும். இதற்குப் புதுச் சட்டமெல்லாம் வேண்டாம், விண்ணப்பத்தில் ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டால் போதும்.