அமெரிக்க உள்நாட்டுப்போரும் மாநில உரிமையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

லிங்கனைப் பற்றிய உங்கள் கட்டுரையில் 'அமெரிக்க உள்நாட்டுப்போர் அடிமைமுறையால் வந்த போர்' என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். எங்கள் வாசிப்புக் குழுவில் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பெரிய விவாதம். தென்மாநிலங்கள் பிரிந்துபோனது மாநில உரிமைக்காகவும் வடக்கின் சுங்கவரிச் சுரண்டலை எதிர்த்தும்தான், அடிமைமுறை என்பதெல்லாம் வடக்கு பிற்பாடு பூசிக்கொண்ட அரிதாரம் என்று ஒரு நண்பர் வாதிட்டார். ஒரு அடிமையைக்கூட விடுவிக்காமல் ஒன்றியத்தைக் காப்பாற்ற முடிந்தால் அப்படியே செய்வேன் என்று லிங்கனே எழுதிய கடிதத்தை ஆதாரமாகக் காட்டினார். மாநில உரிமை என்றதும் நம் மனம் தானாகவே அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. எனக்கும் அப்படித்தான். இன்னொரு சந்தேகமும் உண்டு. பிரிட்டன் உடைமையாளர்களுக்குப் பணத்தைக் கொடுத்து அடிமைமுறையை ஒழித்தது. அமெரிக்கா ஏன் அதைச் செய்யவில்லை? இத்தனை லட்சம் பேர் சாகத்தான் வேண்டுமா?

கே., திருச்சி

அன்புள்ள கே,

நண்பர் காட்டிய கடிதம் உண்மையானதுதான். நியூயார்க் ட்ரிப்யூன் ஆசிரியர் ஹொரேஸ் கிரீலிக்கு 1862 ஆகஸ்ட் 22 அன்று லிங்கன் எழுதியது. ஆனால் அதே வாக்கியம் 'எல்லா அடிமைகளையும் விடுவித்துத்தான் காப்பாற்ற முடியுமென்றால் அதையும் செய்வேன்' என்று தொடர்கிறது. நண்பர் பாதியில் நிறுத்திவிட்டார். இன்னொன்றும் உண்டு. சரியாக ஒரு மாதம் முன்பே, ஜூலை 22 அன்று, விடுதலைப் பிரகடனத்தின் வரைவை லிங்கன் அமைச்சரவையில் படித்துக்காட்டியிருந்தார். முதலில் போர்க்களத்தில் ஒரு வெற்றி வரட்டும் என்று வெளியுறவு அமைச்சர் சீவர்ட் சொன்னதால் அது வெளியே வராமல் இருந்தது. பிரகடனத்துக்கு ஊரைத் தயார்செய்ய ஒரு கெட்டிக்கார வக்கீல் எழுதிய கடிதம் என்றுதான் நான் அதை வாசிக்கிறேன்.

ஆனாலும் நண்பர் சொல்வதில் ஒரு பாதி சரி. 1861இல் வடக்கு அடிமைகளை விடுவிக்கப் படையெடுக்கவில்லை. ஒன்றியம் உடையாமல் இருக்கத்தான் போருக்குப் போனது. தெற்கு ஏன் பிரிந்தது என்பது தனிக் கேள்வி. உங்கள் விவாதத்தில் இரண்டும் குழம்பிவிட்டன என்று நினைக்கிறேன்.

சுங்கவரியை முதலில் முடித்துவிடலாம். அதற்காகத் தென் கரோலினா முறுக்கிக்கொண்டது 1832இல். அடுத்த ஆண்டே வரியைக் குறைத்துச் சமரசமாகிவிட்டது. 1857இல் தெற்கின் ஆதரவோடு வரி இன்னும் இறங்கியது. 1861 மார்ச்சில் அது திரும்ப ஏறியதென்றால், எதிர்த்து ஓட்டுப்போட வேண்டிய தென்மாநில உறுப்பினர்கள் பலர் அதற்குள் அவையைவிட்டே போயிருந்ததும் ஒரு காரணம். பிரிவினைக்குப் பிறகு வந்த சட்டத்தைப் பிரிவினைக்குக் காரணமாகக் காட்டுவது எப்படிப் பொருந்தும்?

மாநில உரிமைக்கு வருகிறேன். 1850ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டத்தை உங்கள் குழுவில் ஒருமுறை உரக்கப் படியுங்கள். தெற்கு கேட்டு வாங்கிய சட்டம் அது. பிடிபட்டவருக்கு ஜூரி கிடையாது. தன் தரப்பில் அவரே சாட்சி சொல்ல முடியாது. விசாரிக்கும் ஆணையர் அவரைத் திருப்பி அனுப்பினால் கட்டணம் 10 டாலர், விடுவித்தால் 5 டாலர். திருப்பி அனுப்ப எழுத்துவேலை அதிகம் என்று காரணம் சொன்னார்கள்! தெருவில் போகிற எவரையும் பிடிக்கும் வேலைக்கு மார்ஷல் என்ற மத்திய அரசு அதிகாரி அழைக்கலாம். தப்பிக்க உதவினால் 1000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. வடமாநிலங்களின் நீதிமன்றங்களும் சட்டமன்றங்களும் என்ன சொன்னாலும் செல்லாது. மத்திய அரசின் கை அதுவரை அவ்வளவு தூரம் நீண்டதில்லை.

அது நடைமுறையில் எப்படி இருந்தது என்பதற்கு ஆண்டனி பர்ன்ஸின் கதை போதும். இருபது வயதுகூட நிரம்பாதவர். தெற்கே ரிச்மண்டில் அடிமையாக இருந்து, கப்பலில் ஒளிந்து வடக்கே பாஸ்டனுக்கு வந்து ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். ஊரிலிருந்த சகோதரனுக்கு எழுதிய கடிதம் எஜமானன் கையில் சிக்கியது. 1854 மே 24 அன்று, நகைக்கடைத் திருட்டு என்று பொய் சொல்லி அவரைப் பிடித்தார்கள். இரண்டு நாள் கழித்து ஒரு கூட்டம் நீதிமன்றக் கதவை உத்தரத்தால் இடித்து உள்ளே நுழையப் பார்த்தது. காவலர் ஒருவர் செத்தார். அதிபர் பியர்ஸ் மத்தியப் படையை இறக்கினார். ஜூன் 2 அன்று, பீரங்கியும் துப்பாக்கியுமாகச் சிப்பாய்கள் அணிவகுத்து நிற்க, பர்ன்ஸைத் துறைமுகத்துக்கு நடத்திக் கொண்டுபோனார்கள். பார்த்தவர்கள் ஏறத்தாழ 50,000 பேர். கட்டடங்களில் கறுப்புத் துணி தொங்கியது. 'சுதந்திரம்' என்று எழுதிய சவப்பெட்டியை ஒரு கட்டடத்திலிருந்து தெருவின் குறுக்கே கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரே ஒரு இளைஞனைக் கப்பலேற்ற இத்தனையும்.

கூட்டத்தைவிட என்னை யோசிக்கவைப்பவர் ஏமஸ் லாரன்ஸ் என்ற பாஸ்டன் பணக்காரர். துணி வியாபாரம். அடிமைகள் பறித்த பருத்திதான் அந்தத் தொழிலுக்கே அடிப்படை. தெற்கோடு சண்டை வேண்டாம், சமரசமாகப் போவோம் என்றிருந்தவர். அன்றைய பெரிய கட்சிகளில் ஒன்றான விக் கட்சிக்காரர். இரவு சமரசவாதிகளாகப் படுத்தோம், காலையில் வெறிகொண்ட அடிமை ஒழிப்புக்காரர்களாக எழுந்தோம் என்று பர்ன்ஸ் விவகாரத்தை ஒட்டி அவர் எழுதினார். அடிமைமுறை எங்கோ தொலைவில் இருந்தவரை வடக்கில் பெரும்பாலோருக்கு அது ஒரு பிரச்சினையாகவே படவில்லை. தங்கள் தெருவுக்குச் சிப்பாய்களோடு வந்தபோதுதான் உறைத்தது. கறுப்பின மக்கள்மேல் திடீரென்று அன்பு சுரந்துவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. வடக்கத்தியர்களில் பலர் இனவெறியர்களாகவே கடைசிவரை இருந்தார்கள்.

அதே 1854இல் மில்வாக்கியில் ஜோஷுவா குளோவர் என்ற தப்பிவந்த அடிமையை மக்கள் சிறையை உடைத்து மீட்டார்கள். விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றம், மத்திய அரசின் அந்தச் சட்டமே அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றது. 1859இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை அடித்துத் தள்ளியபோது தெற்கு கைதட்டியது. மாநில உரிமை பேசியது விஸ்கான்சின், உங்கள் நண்பரின் தென்மாநிலங்கள் அல்ல.

அப்படியானால் சண்டை எதைப் பற்றி? மேற்கே விரிந்துகொண்டிருந்த புதிய நிலங்களில் அடிமைகளைக் கொண்டுபோகலாமா என்பதைப் பற்றி. 1819இல் மிசூரி மாநிலமாகச் சேர விரும்பியபோது அடிமை மாநிலங்கள் 11, அடிமைமுறை இல்லாதவை 11. மாநிலத்துக்கு இரண்டு செனட்டர்கள் என்பதால் ஒன்று கூடினாலும் செனட் கைமாறிவிடும். அதனால் மிசூரியோடு சேர்த்து அடிமைமுறை இல்லாத மெய்னையும் உள்ளே இழுத்து, 36 பாகை 30 கலை அட்சரேகையில் ஒரு கோடு போட்டார்கள். மிசூரியைத் தவிர, அந்தக் கோட்டுக்கு வடக்கே உள்ள லூசியானா நிலப்பரப்பில் அடிமைமுறை கூடாது. முப்பத்துநான்கு ஆண்டுகள் அந்தக் கோடு தாக்குப்பிடித்தது. இடையில் மெக்சிகோவிடமிருந்து பெரும் நிலம் கைக்கு வந்ததும் பழைய சண்டை புதிதாகத் தொடங்கியது.

அந்தக் கோட்டை அழித்தவர் இல்லினாய் செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ். சிகாகோவிலிருந்து மேற்கே ரயில்பாதை போட வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்குத் தெற்கின் ஓட்டு தேவைப்பட்டது. கோட்டுக்கு வடக்கே உள்ள கான்சஸிலும் நெப்ராஸ்காவிலும் அடிமைமுறை வேண்டுமா என்பதை அங்கே குடியேறுகிறவர்களே ஓட்டுப்போட்டு முடிவுசெய்துகொள்ளட்டும் என்றார். 1854 மே 30 அன்று, பர்ன்ஸ் பாஸ்டனில் காவலில் இருந்த அதே வாரத்தில், அது சட்டமானது. விக் கட்சி அதோடு நொறுங்கியது. அந்த இடிபாடுகளிலிருந்துதான் லிங்கனின் குடியரசுக் கட்சி முளைத்தது.

ஓட்டு என்ன ஆயிற்று தெரியுமா? 1855 மார்ச் 30 அன்று கான்சஸ் சட்டமன்றத்துக்குத் தேர்தல். கணக்கெடுப்பின்படி வாக்காளர்கள் 2,905 பேர். விழுந்த ஓட்டு 6,307. பக்கத்து மிசூரியிலிருந்து துப்பாக்கியும் விஸ்கியும் சகிதமாக ஆட்கள் எல்லை தாண்டி வந்து, கள்ள ஓட்டுக் குத்திவிட்டு ஊர் திரும்பினார்கள். மிசூரியின் செனட்டராக இருந்த அட்சிசனே முன்னின்று நடத்தினார். அப்படி அமைந்த சட்டமன்றம், கான்சஸில் அடிமை வைத்திருக்க யாருக்கும் உரிமை இல்லை என்று எழுதினாலோ பேசினாலோ சிறை என்று சட்டம் போட்டது. அடிமைமுறை எதிர்ப்பாளர்கள் தங்களுக்கென்று தனி அரசை அமைத்தார்கள். அவர்களுக்கு வடக்கிலிருந்து பணமும் துப்பாக்கியும் வந்தன. கொடுத்தவர்களில் முக்கியமானவர் நம் துணி வியாபாரி. அவர்கள் ஊருக்கே லாரன்ஸ் என்று அவர் பெயர்தான்.

1856 மே 21 அன்று அந்த லாரன்ஸ் நகரை அடிமைமுறை ஆதரவாளர்கள் சூறையாடினார்கள். அச்சு இயந்திரங்கள் ஆற்றில் வீசப்பட்டன, விடுதி எரிந்தது. மறுநாள் வாஷிங்டனில், செனட் கலைந்தபின் தன் இருக்கையில் அமர்ந்து கடிதவேலை பார்த்துக்கொண்டிருந்த மாசசூசெட்ஸ் செனட்டர் சார்ல்ஸ் சம்னரை, தென் கரோலினாவின் கீழவை உறுப்பினர் பிரெஸ்டன் புரூக்ஸ் கைத்தடியால் அடித்தார். கான்சஸ் பற்றிய உரையில் புரூக்ஸின் உறவினரான செனட்டர் பட்லரைச் சம்னர் இழிவாகப் பேசியிருந்தார். (உண்மையிலேயே கீழ்த்தரமான பேச்சுதான். பக்கவாதத்தால் பட்லரின் பேச்சு குழறியதைக்கூட விடவில்லை.) சம்னரின் மேஜை தரையோடு திருகப்பட்டிருந்தது. எழ முயன்ற வேகத்தில் அதைப் பெயர்த்துக்கொண்டு எழுந்தார். தடி உடைந்த பிறகும் அடி நிற்கவில்லை. புரூக்ஸுக்குத் தண்டனை 300 டாலர் அபராதம். பதவி விலகினார், அவர் தொகுதி மறுபடியும் அவரையே அனுப்பியது. தெற்கிலிருந்து புதுப்புதுக் கைத்தடிகள் அவருக்குப் பரிசாக வந்தன. மாசசூசெட்ஸ் சம்னரையே மீண்டும் தேர்ந்தெடுத்து, மூன்று ஆண்டுக்கு மேல் பெரும்பாலும் காலியாகவே கிடந்த அந்த இருக்கையை அவருக்காக வைத்திருந்தது. சம்னர் அடிபட்டு இரண்டு நாள் கழித்து கான்சஸில் அடிமைமுறை எதிர்ப்பாளர் ஜான் பிரவுனும் ஆட்களும் எதிர்த்தரப்பைச் சேர்ந்த ஐந்து பேரை வீட்டிலிருந்து இழுத்துவந்து வாளால் வெட்டினார்கள். போர் அந்த மே மாதமே தொடங்கிவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

மீதி உங்களுக்குத் தெரிந்ததுதான். 1857இல் டிரெட் ஸ்காட் என்ற அடிமை தொடுத்த வழக்கில், கறுப்பின மக்கள் குடிமக்களே அல்லர், புதிய நிலங்களில் அடிமைமுறையைத் தடுக்க காங்கிரஸுக்கு அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1860இல் ஜனநாயகக் கட்சி சார்ல்ஸ்டன் மாநாட்டில் உடைந்தது. அங்கே தென்மாநிலப் பிரதிநிதிகள் கேட்டது என்ன? புதிய நிலங்களில் அடிமை உடைமையை மத்திய அரசே பாதுகாக்க வேண்டும் என்பது. இங்கேயும் மாநில உரிமையைக் காணோம். அதிபர் தேர்தலில் நான்கு பேர் போட்டியிட்டார்கள். 40 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவான ஓட்டில் லிங்கன் ஜெயித்தார்.

தென் கரோலினா டிசம்பர் 20 அன்று பிரிந்தது. ஏன் பிரிகிறோம் என்று அது வெளியிட்ட அறிக்கையை நண்பர் படித்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். வடமாநிலங்கள் ஓடிவந்த அடிமைகளைப் பிடித்துத் தருவதில்லை என்று பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. நியூயார்க் வழியாக அடிமையை அழைத்துச் செல்லக்கூட விடுவதில்லை என்று புகார் சொல்கிறது. அதாவது, வடமாநிலங்கள் தங்கள் மாநிலத்துக்குள் தங்கள் இஷ்டப்படி சட்டம் போடுவதுதான் குற்றம். மிசிசிப்பி சுற்றிவளைக்கவேயில்லை. எங்கள் நிலைப்பாடு அடிமைமுறையோடு முற்றாகப் பிணைந்தது என்று தொடக்கத்திலேயே எழுதிவிட்டது. பிரிந்தவர்கள் உருவாக்கிய புதிய அரசியல் சாசனம் அடிமை உடைமையைப் பாதிக்கும் சட்டம் எதையும் அவர்களுடைய காங்கிரஸ் இயற்றக்கூடாது என்றது. 'மாநில உரிமைக்காகவே பிரிந்தோம்' என்ற பேச்சு, போரில் தோற்ற பிறகு நினைவுக்குறிப்புகள் எழுதிய தெற்கின் தலைவர்களிடமிருந்து வந்தது. அரிதாரம் பூசிக்கொண்டவர்கள் அவர்கள்தான்.

பணம் கொடுத்து முடித்திருக்கலாமே என்ற உங்கள் கேள்வி. பிரிட்டன் சுமார் 8 லட்சம் அடிமைகளுக்கு 2 கோடி பவுண்ட் கொடுத்தது. அவர்கள் பெரும்பாலும் கரீபியன் தீவுகளில், கடலுக்கு அப்பால் இருந்தவர்கள். அமெரிக்காவில் 1860இல் அடிமைகள் ஏறத்தாழ 40 லட்சம் பேர். அவர்களுடைய சந்தை மதிப்பு சுமார் 300 கோடி டாலர் என்பது பொதுவான கணக்கு. மத்திய அரசின் அன்றைய ஆண்டுச் செலவு 6 கோடிச் சொச்சம். அடிமைகளை வைத்திருந்தவர்களே செனட்டர்களாகவும் நீதிபதிகளாகவும் இருந்தார்கள். லிங்கனுக்கு முந்தைய 15 அதிபர்களில் 10 பேர் ஏதோ ஒரு காலத்தில் அடிமை வைத்திருந்தவர்கள். யார் யாருக்கு விலை பேசுவது?

லிங்கன் முயலாமல் இல்லை. 1862 ஏப்ரலில் தலைநகர் வாஷிங்டனில் மட்டும் நஷ்டஈடு கொடுத்து அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1861 கடைசியில், டெலவேருக்கு ஒரு திட்டம் போட்டுக்கொடுத்தார். ஒன்றியத்தைவிட்டுப் பிரியாத, மிகச் சிறிய அடிமை மாநிலம் அது. அங்கே மொத்தம் 1,798 அடிமைகள். ஆளுக்கு 400 டாலர் வீதம் மத்திய அரசே தருவதாகச் சொன்னார். போரின் அரை நாள் செலவுகூட ஆகாது என்று 1862 மார்ச்சில் ஒரு செனட்டருக்குக் கணக்கும் எழுதிக் காட்டினார். டெலவேர் சட்டமன்றத்தில் அதற்கு ஆதரவு தேறவில்லை. 1865இல் அடிமைமுறையை ஒழிக்கும் 13ஆவது சாசனத் திருத்தம் வந்தபோதும் டெலவேர் நிராகரித்தது. மற்ற மாநிலங்களின் ஒப்புதலோடு அந்த ஆண்டு டிசம்பரில் திருத்தம் நிறைவேறி, டெலவேரில் மிஞ்சியிருந்த அடிமைகளும் விடுதலையானார்கள். உரிமையாளர்களுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. டெலவேர் அந்தத் திருத்தத்துக்கு ஒப்புதல் அளித்தது 1901இல்.