முட்டை நாற்றம் அடிக்கும் ஊருக்கு ஆஸ்துமாக்காரர் போகலாமா?

கேள்வி: நியூசிலாந்தில், ஆக்லாந்தில் இருக்கும் மகள் வீட்டுக்கு டிசம்பரில் போகிறோம். மாப்பிள்ளை ரோட்டோருவாவில் மூன்று நாள் தங்க ஏற்பாடு செய்திருக்கிறார். ஊர் முழுக்க அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் என்கிறார் போய்வந்த நண்பர். என் மனைவிக்கு 67 வயது. ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுக்கிறார். 5 வயதுப் பேத்தியும் வருகிறாள். போகலாமா, வேண்டாமா? நகைகள் கறுத்துவிடும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், ஈரோடு

பதில்: போகலாம். ஆனால் நீங்கள் பயப்படும் இடம் ஒன்று, பயப்பட வேண்டிய இடம் வேறு. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் பாதுகாப்புப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் இந்த வாயுவோடு மல்லுக்கட்டியவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்த நாற்றத்தின் பெயர் ஹைட்ரஜன் சல்ஃபைடு. ரோட்டோருவா ஒரு பழைய எரிமலை வாய்க்குள், ஏரிக்கரையில் அமைந்த ஊர். கீழே பாறை இன்னும் சூடாக இருக்கிறது. நிலத்தடி நீர் அங்கே கொதித்து, கந்தக வாயுவையும் சுமந்துகொண்டு வெடிப்புகள் வழியே மேலே வருகிறது. ஊர் நடுவில் இருக்கும் குய்ராவ் பூங்காவில் சேறு கொதிப்பதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று இலவசமாகப் பார்க்கலாம். முட்டையை அதிகம் வேகவைத்தால் மஞ்சள் கருவைச் சுற்றி ஒரு பச்சைச் சாம்பல் வளையம் வருமே, அதற்குக் காரணமும் இதே வாயுதான். பானிபூரித் தண்ணீரில் போடும் கருப்பு உப்பின் வாசனையிலும் இது துளியூண்டு இருக்கிறது. ஆக, உங்கள் வீட்டம்மாவுக்கு இது முற்றிலும் புதிய சமாச்சாரம் இல்லை.

இப்போது அளவு. எங்கள் ஆலையில் இடுப்பில் மாட்டியிருக்கும் கருவி 10 பிபிஎம்மில் அலறும். அதாவது, பத்து லட்சம் பங்கு காற்றில் 10 பங்கு வாயு. ரோட்டோருவாவில் வீடுகளிலும் வேலை செய்யும் இடங்களிலும் அளந்தபோது கிடைத்தது சுமார் 0.02 பிபிஎம். எங்கள் அலாரத்தில் ஐந்நூறில் ஒரு பங்கு. இவ்வளவு குறைவாக இருந்தும் ஊரே நாறுவதற்குக் காரணம் நம் மூக்கு. இந்த வாயுவை அது அத்தனை நுட்பமாகப் பிடித்துவிடும்.

அங்கே பல காலமாக வாழ்பவர்களுக்கு ஆஸ்துமா கூடுகிறதா என்று 2008 முதல் 2010 வரை 1,637 பேரைச் சோதித்தார்கள். கூடுவதற்கான ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் 18 முதல் 65 வயது வரை உள்ளவர்கள். உங்கள் மனைவியும் பேத்தியும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அதனால் கிளம்புவதற்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வீட்டில் பெயின்ட் அடித்தால், பக்கத்தில் யாராவது அத்தர் பூசி வந்தால் அவருக்கு இழுப்பு வருகிறதா? அப்படியானால் இந்த நெடியும் தூண்டக்கூடும். இன்ஹேலர் பெட்டியில் அல்ல, கைப்பையில் இருக்கட்டும்.

சரி, பயப்பட வேண்டிய இடத்துக்கு வருகிறேன்.

இந்த வாயு காற்றைவிடச் சற்றுக் கனமானது. காற்றோட்டம் இல்லாத பள்ளத்திலும் மூடிய அறையிலும் தேங்கும். 100 பிபிஎம் அளவைத் தொட்டால் சில நிமிடங்களில் மோப்ப நரம்பு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிடும், ஆபத்து நின்றிருக்காது. ஐந்நூறைத் தாண்டினால் ஆள் சுருண்டு விழுவார். நம் ஊரில் மலக்குழிக்குள் இறங்கியவர் மயங்க, தூக்கப் போன இரண்டாமவரும் மூன்றாமவரும் விழுகிறார்களே, அங்கே பெரும்பாலும் கொல்வது இதே வாயுதான். அந்தச் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வரும். நாங்கள் கருவியும் முகக்கவசமும் இல்லாமல் ஒரு தொட்டியின் மூடியைக்கூடத் திறக்கமாட்டோம்.

ரோட்டோருவாவிலும் இப்படிச் சாவுகள் நடந்திருக்கின்றன. திறந்த வெளியில் அல்ல. தங்கும் விடுதி அறை போன்ற மூடிய இடங்களில். அதனால் மாப்பிள்ளை பதிவு செய்திருக்கும் அறையைப் பற்றி இரண்டு விஷயம் கேட்கச் சொல்லுங்கள். ஜன்னல் திறக்குமா? அறைக்கு உள்ளேயே தனி வெந்நீர்க் குளம் இருக்கிறதா? இருந்தால், அந்த அறைச் சுவரில் கீழேயும் மேலேயும் காற்றுத் துளைகள் இருக்கும். குளிர்காற்று வருகிறதே என்று அதில் துண்டைச் செருகி அடைக்கக் கூடாது. என்னைக் கேட்டால், பெரியவரும் குழந்தையும் வரும் பயணத்துக்கு அறைக்குள் குளம் வேண்டவே வேண்டாம். திறந்தவெளிக் குளங்கள் போதும். டிசம்பர் அங்கே கோடைகாலம், ஜன்னலைத் திறந்து வைத்தே தூங்கலாம். அறைக்குள் கண் எரிந்தாலோ, தலை வலித்துக் கிறுகிறுத்தாலோ காரணம் யோசித்துக்கொண்டு நிற்காமல் எல்லாரும் வெளியே வந்துவிடுங்கள்.

இதோடு இன்னொன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஊருக்குப் போய்ச் சில மணி நேரத்தில் நாற்றம் குறைந்த மாதிரி தெரியும். அது மூக்குக்குப் பழகிப்போவது, சாதாரண விஷயம். ஊதுவத்திக் கடைக்காரருக்கு ஊதுவத்தி மணக்காத கதை. திறந்த வெளியில் அது நடந்தால் கவலை இல்லை.

நாற்றம் குறைவான இடத்தில் தங்க விரும்பினால் ஏரியின் மேற்குக் கரையில் இருக்கும் ஙொங்கொட்டாஹா பக்கம் பாருங்கள். நகரத்திலிருந்து பத்து கிலோமீட்டர் தூரம்தான். ஏரிக்கரையில் சல்ஃபர் பாயின்ட் என்று ஓர் இடம், பெயரே சொல்லிவிடும். காற்று அசையாத காலைகளில் அங்கே நெடி தூக்கலாக இருக்கும், உங்கள் மனைவிக்கு அந்த நடை வேண்டாம். அதற்குப் பதில் ரெட்வுட் காட்டுக்குக் கூட்டிப்போங்கள். வானத்தை முட்டும் மரங்கள், மூக்குக்கும் ஓய்வு.

வெந்நீர் ஊற்றுகளில் தலையை முக்கக் கூடாது. பேத்திக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். கேரளத்துச் செய்திகளில் வரும் ‘மூளையைத் தின்னும் அமீபா’ இத்தகைய வெதுவெதுப்பான நீரில் வாழக்கூடியது. மூக்கு வழியாகத் தண்ணீர் ஏறினால்தான் ஆபத்து. அங்கே எச்சரிக்கைப் பலகைகளே வைத்திருப்பார்கள்.

நகை விஷயம் உண்மைதான், ஆனால் முக்கியமாக வெள்ளிக்குத்தான். இந்த வாயு பட்டால் வெள்ளியின் மேல் வெள்ளி சல்ஃபைடு கறுப்பாகப் படியும். குளத்தில் இறங்கினால் இன்னும் வேகம். என் மனைவி மெட்டியைக் கழற்ற மனமில்லாமல் இறங்கினாள். அரை மணி நேரத்தில் இரும்பு வளையம் மாதிரி ஆகிவிட்டது. கொலுசு, அரைஞாண், மெட்டி எல்லாவற்றையும் ஆக்லாந்திலேயே மகள் வீட்டில் வைத்துவிடுங்கள். கழற்ற முடியாது என்றால், திரும்பி வந்தபின் ஒரு பாத்திரத்தில் அலுமினியத் தாள் விரித்து, அதில் வெள்ளி படும்படி வைத்து, சமையல் சோடா கலந்த கொதிநீரை ஊற்றினால் பெரும்பாலும் வெளுத்துவிடும். கல் வைத்த நகைக்கு இந்த வைத்தியம் கூடாது. 22 காரட் தாலிக்கொடிக்கு ஒன்றும் ஆகாது.

ஆக்லாந்திலிருந்து காரில் மூன்று மணி நேரம். நாற்றத்தைத் தாங்கிக்கொண்டு போனதற்குப் பலனாக, ஃபாகாரேவாரேவா பள்ளத்தாக்கில் போஹுட்டு ஊற்று முப்பது மீட்டர் உயரம்வரை பீய்ச்சியடிப்பதைப் பார்க்கலாம். ஊரில் ஆளாளுக்கு ஆழ்துளை போட்டு வெந்நீர் உறிஞ்சியதில் இந்த ஊற்றுகள் சோர்ந்துபோக, 1986இல் போஹுட்டுவைச் சுற்றி ஒன்றரை கிலோமீட்டருக்குள் இருந்த கிணறுகளை மூட அரசு உத்தரவிட்டது. அப்புறம்தான் ஊற்றுகளுக்கு உயிர் திரும்பியது. பக்கத்திலேயே நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் வாழும் கிராமம் இருக்கிறது. மக்காச்சோளத்தைக் கொதிக்கும் ஊற்றிலேயே வேகவைத்துத் தருவார்கள். சைவம் என்றாலும் தயங்காமல் சாப்பிடலாம். சோளத்தில் முட்டை வாடை வராது.

வெளிர் நிற நீச்சலுடை வேண்டாம், கறை பிடிக்கும். ஈரத்தோடு மற்ற துணிகளுடன் பெட்டியில் திணித்தீர்கள் என்றால் அந்த வாடை ஈரோடு வரை உங்களோடு வரும்.