கூட வாழும் துணையை வரிக்கணக்கில் டிபெண்டன்டாகக் காட்டலாமா?

கேள்வி: டல்லஸில் ஹெச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். சம்பளம் ஆண்டுக்கு 1,20,000 டாலர். என் தோழி கிரீன் கார்டு உள்ளவர். 2024 கடைசியில் அவருக்கு வேலை போய்விட்டது. அதற்கு முன்பிருந்தே ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். ஊரில் இரு வீட்டாரும் இன்னும் சம்மதிக்காததால் கல்யாணம் தள்ளிக்கொண்டே போகிறது. 2025 முழுக்க வாடகை, சாப்பாடு எல்லாம் என் செலவு. அவருக்கு வந்தது வேலையிழப்பு உதவித்தொகை 4,100 டாலர், வங்கி வட்டி 260 டாலர், அவ்வளவுதான். என் கம்பெனி இன்சூரன்ஸில் அவரை டொமஸ்டிக் பார்ட்னராக (கல்யாணமாகாமல் சேர்ந்து வாழும் துணையாக) சேர்த்திருக்கிறேன். அவரை டிபெண்டன்டாக, அதாவது என்னைச் சார்ந்து வாழ்பவராகக் காட்டினால் ஆயிரக்கணக்கில் வரி மிச்சமாகும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். உண்மையா, மேடம்?

பதில்: காட்டலாம். ஆனால் நண்பர் சொல்லும் ஆயிரங்கள் வரிப் படிவத்தில் இல்லை, உங்கள் சம்பளச் சீட்டில் இருக்கின்றன. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் தகுதி. ரத்த உறவு இல்லாதவர் டிபெண்டன்டாக வேண்டுமானால் ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை உங்கள் வீட்டிலேயே குடியிருந்திருக்க வேண்டும். பிப்ரவரியில் குடிவந்தவருக்கு அந்த ஆண்டு கிடையாது. உங்களுக்கு இதில் சிக்கல் இல்லை. அடுத்து, 2025-க்கு அவருடைய மொத்த வருமானம் 5,200 டாலருக்குக் கீழே இருக்க வேண்டும். 'உதவித்தொகைதானே, சம்பளம் இல்லையே' என்று பலர் அதை விட்டுவிடுகிறார்கள். அதுவும் வருமானம்தான். சேர்த்தாலும் 4,360, தப்பித்தீர்கள்.

பிறகு, அவருடைய வாழ்க்கைச் செலவில் பாதிக்கு மேல் நீங்கள் ஏற்றிருக்க வேண்டும். வாடகை மாதம் 2,000 என்று வைத்துக்கொள்வோம். அவர் பங்கு ஆண்டுக்கு 12,000. சாப்பாடு, கரண்ட் வகையில் அவர் பங்கு 4,800. அவர் தன் உதவித்தொகை 4,100-ஐயும் சேமிப்பிலிருந்து 3,000-ஐயும் கார் இன்சூரன்ஸ், போன், துணிமணி என்று செலவழித்தார் என்றால் மொத்தம் 23,900. அதில் உங்கள் பங்கு 16,800. தாராளமாகத் தேறும். வங்கியில் செலவழிக்காமல் கிடக்கும் பணம் இந்தக் கணக்கில் வராது.

கடைசியாக, குடியுரிமை. அவர் கிரீன் கார்டு என்பதால் பிரச்சினை இல்லை. துணை எஃப்-1 மாணவராக இருந்தால் பெரும்பாலும் முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள் வரிச் சட்டப்படி வெளிநாட்டவர்தான்; அப்போது டிபெண்டன்ட் பேச்சுக்கே இடமில்லை. எனக்கு வரும் கடிதங்களில் பாதி இங்கேயே விழுந்துவிடும்.

சரி, எவ்வளவு மிச்சம்? 2017 வரை ஒரு டிபெண்டன்டுக்கு 4,050 டாலரை வருமானத்தில் கழிக்க முடிந்தது. நண்பர் அதை நினைத்துச் சொல்கிறார் போலிருக்கிறது. 2018 முதல் அது பூஜ்யம், 2025-இல் வந்த சட்டம் அதை நிரந்தரமாகவே மூடிவிட்டது. இப்போது கிடைப்பது, கட்ட வேண்டிய வரியிலேயே 500 டாலர் குறைவது மட்டும். 'ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டு' (குடும்பத் தலைவர் என்ற, வரி குறையும் பிரிவு) என்று தாக்கல் செய்யலாமா என்றும் கேட்பீர்கள். கூடாது, உறவல்லாத துணையை வைத்து அந்தத் தகுதி வராது.

அந்த 500-லும் ஓட்டை உண்டு. உங்கள் டிபெண்டன்ட் ஆகக்கூடியவர் என்றாலே அவருடைய நிலைக்கழிவு (வரி போடுமுன் வருமானத்தில் கழிக்கும் நிலையான தொகை) சுருங்கிவிடும். உழைத்துச் சம்பாதிக்காத வருமானம் மட்டும் உள்ளவருக்கு 2025-இல் அது 1,350 டாலர்தான். மீதி 3,010-க்கு 10 சதவீதம், ஏறத்தாழ 300 டாலர் வரி, அவர் தனி ரிட்டர்ன் போட்டுக் கட்ட வேண்டும். ஆக இருவருக்கும் சேர்த்து மிச்சம் 200 டாலர்.

இப்போது சம்பளச் சீட்டை எடுங்கள். டொமஸ்டிக் பார்ட்னருக்காகக் கம்பெனி கட்டும் பிரீமியத்தை உங்கள் வருமானத்தில் சேர்த்து வரி பிடிப்பார்கள். 'இம்ப்யூடட் இன்கம்' என்று அதில் ஒரு பதிவு இருக்கும். அது மாதம் 500 டாலர் என்றால் ஆண்டுக்கு 6,000. உங்கள் சம்பளத்துக்கு அதன்மேல் 24 சதவீத வரி, சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் 7.65 சதவீதம்: சுமார் 1,900 டாலர் சும்மா போகிறது. அவர் வரிச் சட்டப்படி உங்கள் டிபெண்டன்ட் என்றால் இந்தத் தொகையைச் சேர்க்கவே கூடாது. இன்னொரு நல்ல செய்தி, மருத்துவக் காப்பீட்டுக்கு மட்டும் அந்த 5,200 வரம்பு பார்ப்பதில்லை. நாளை அவருக்குப் பகுதிநேர வேலை கிடைத்து 9,000 சம்பாதித்தாலும், பாதிக்கு மேல் செலவு உங்களுடையதாக இருந்தால் இந்தச் சலுகை தொடரும். ஹெச்.ஆரிடம் டிபெண்டன்ட் உறுதிமொழிப் படிவம் கேளுங்கள். 2025-க்கு டபிள்யூ-2 (கம்பெனி தரும் ஆண்டுச் சம்பளச் சான்று) வந்துவிட்டிருந்தால் திருத்திய டபிள்யூ-2சி தரச் சொல்லுங்கள். தானாக யாரும் தரமாட்டார்கள், எழுதித்தான் வாங்க வேண்டும்.

டெக்சாஸ் என்பதால் ஒரு எச்சரிக்கை. இங்கே தாலியும் பதிவும் இல்லாமலே திருமணம் ஆகிவிடும். 'இப்போதே கணவன் மனைவி' என்று இருவரும் ஒப்புக்கொண்டு, டெக்சாஸில் அப்படியே சேர்ந்து வாழ்ந்து, வெளியிலும் அப்படியே சொல்லிக்கொண்டால் போதும். வருமான வரித்துறையும் அதை ஏற்கும். மனைவியை டிபெண்டன்டாகக் காட்ட முடியாது. 'சிங்கிள்' என்று தாக்கல் செய்ததும் தவறாகிவிடும். கல்யாணம் இனிமேல்தான் என்று நீங்கள் எழுதியிருப்பதால் முதல் நிபந்தனை உங்களுக்குப் பொருந்தாது என்றே படுகிறது. ஆனால் அபார்ட்மென்ட் குத்தகைத் தாளில் வீட்டுக்காரர் கேட்டார் என்று 'ஸ்பௌஸ்' என்று போட்டிருந்தால் அடுத்த புதுப்பித்தலில் மாற்றுங்கள். ஹெச்.ஆரிடம் ஒன்று, வீட்டுக்காரரிடம் ஒன்று என்று இருக்க வேண்டாம்.

உண்மையான ஆயிரங்கள் கல்யாணத்தில்தான். இன்சூரன்ஸ் விஷயத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் 2025 கணக்கில் தனியாக உங்கள் வரி 17,900 டாலர் அருகில். கூட்டாகத் தாக்கல் செய்திருந்தால் அவர் வருமானத்தையும் சேர்த்தே 10,700 அருகில். டிசம்பர் 31 அன்று பதிவு செய்தாலும் முழு ஆண்டுக்கும் தம்பதிதான். இதற்காகக் கல்யாணம் செய்யுங்கள் என்று சொல்ல நான் யார். ஆனால் அடுத்த ஆண்டு ஜனவரியில் என்று நாள் குறிக்க நினைத்தால், அதற்கு முந்தைய டிசம்பரிலேயே பதிவை முடித்துக்கொள்வது லாபம்.

இப்போதைக்கு 2025 குத்தகைத் தாள், வாடகை போன வங்கிக் கணக்கு, அவருடைய உதவித்தொகைக்கான 1099-ஜி படிவம் மூன்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். ஏப்ரல் 15-க்குள் தாக்கல் செய்யும்போது 1040 வரிப் படிவத்தில் அவர் பெயரையும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும் டிபெண்டன்ட் பகுதியில் எழுதுங்கள். அவருடைய ரிட்டர்னில் 'என்னை இன்னொருவர் டிபெண்டன்டாகக் காட்டலாம்' என்ற கட்டத்தில் டிக் போட மறக்காதீர்கள். அதை விட்டால் உங்கள் இருவர் ரிட்டர்னும் ஒன்றோடொன்று மோதும்.