எலும்புக்கு அவசரம் தெரியாது, டீச்சர்

கேள்வி: எனக்கு வயது 43. தாம்பரம் பக்கம் ஓர் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை. ஐந்து மாதமாக விடியற்காலையில் ஓடுகிறேன். ஜனவரியில் சென்னை மாரத்தானில் 21 கி.மீ. ஓட வேண்டும் என்று ஆசை. இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. ஆனால் ஒரு கிலோமீட்டருக்கு எனக்கு 9 நிமிடம் ஆகிறது. எங்கள் குழுவில் நான்தான் கடைசி. வேகம் கூட வேண்டும் என்று ஒரு மாதமாக வாரம் மூன்று நாள் ‘இன்டர்வெல்’ (சிறிது தூரம் முழு வேகம், சிறிது தூரம் மெதுவாக என்று மாறி மாறி) ஓடினேன். இப்போது வலது முழங்காலுக்குக் கீழே, முன் எலும்பில் வலி. மூச்சும் சீக்கிரம் வாங்குகிறது. போன வருடம் ஹீமோகுளோபின் 10.4 என்று மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதம் சாப்பிட்டுவிட்டு நிறுத்திவிட்டேன். மாதவிடாயில் உதிரப்போக்கு அதிகம். ‘இந்த வயதில் எதற்கு இதெல்லாம்’ என்கிறார் கணவர். விட்டுவிடலாமா டாக்டர்?

பதில்: விட வேண்டாம், டீச்சர். ஆனால் அடுத்த மூன்று வாரம் ஓடவும் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என் கண் முதலில் போய் நின்றது 9 நிமிடத்தில் இல்லை, 10.4இல். ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கும். ஹீமோகுளோபின் 13 (100 மில்லி ரத்தத்தில் 13 கிராம்) இருப்பவரின் ஒவ்வொரு 100 மில்லி ரத்தமும் 17 மில்லிக்குச் சற்று அதிகமான ஆக்சிஜனோடு கிளம்புகிறது. 10.4 இருந்தால் 14 மில்லிகூட இல்லை. அதாவது ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அந்தக் குறையை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கிறது, உங்களுக்கு மூச்சு வாங்குகிறது. போன வருட நிலை இன்னும் அப்படியே இருந்தால், இதை உங்கள் முயற்சியின் குறை என்று நினைப்பது நியாயமே இல்லை.

நாளைக்கே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டின், தைராய்டு, வைட்டமின் டி மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். ஃபெரிட்டின் என்பது உடம்பின் இரும்புச் சேமிப்பு. ஹீமோகுளோபின் கொஞ்சம் ஏறியதும் களைப்பு குறையும். ‘சரி, தேறிவிட்டோம்’ என்று பலரும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். கைச்செலவுக்குப் பணம் வந்துவிட்டது, பாங்குக் கணக்கு மட்டும் காலியாகவே இருக்கிறது என்ற நிலை அது. ஹீமோகுளோபின் 12ஐத் தாண்டிய பிறகும் பொதுவாக மூன்று மாதம் மாத்திரை தொடர வேண்டும். எந்த மாத்திரை, தினமுமா ஒரு நாள் விட்டு ஒரு நாளா என்பதை உங்கள் மருத்துவர் சொல்வார். காபி, டீயோடு மட்டும் விழுங்காதீர்கள். இரண்டு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். எலுமிச்சைச் சாறு சேர்ந்தால் நல்லது.

அப்புறம், ஒரு பக்கம் ஊற்றிக்கொண்டே இருந்தாலும் மறுபக்கம் ஓட்டை இருந்தால் குடம் நிறையாது. அந்த உதிரப்போக்கை ‘இந்த வயதில் அப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள். மகப்பேறு மருத்துவரைப் பார்த்து ஒரு ஸ்கேன் எடுங்கள். கருப்பையில் நார்த்திசுக் கட்டி இருக்கலாம், ஹார்மோன் மாற்றமாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் இருக்கிறது.

இனி கால் வலி. கட்டிலில் உட்கார்ந்து, முன் எலும்பின் உள்விளிம்பை ஆள்காட்டி விரலால் மேலிருந்து கீழே ஒவ்வோர் அங்குலமாக அழுத்திப் பாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக நொந்தால், அது பெரும்பாலும் எலும்பின் மேலுறையில் ஏற்பட்ட எரிச்சல். இரண்டு மூன்று வார ஓய்வில் அடங்கும். ஒரே ஒரு இடத்தில், ஐந்து ரூபாய் நாணயத்தால் மூடிவிடும் அளவுக்கு, தொட்டதும் சுரீர் என்றால் அது வேறு. ராத்திரி படுத்திருக்கும்போதும் வலி, ஒற்றைக்காலில் குதித்தால் வலி என்றாலும் அப்படித்தான். எலும்பில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கலாம். உடனே எலும்பு மருத்துவரிடம் போங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போவதுண்டு. ‘எக்ஸ்ரே நார்மல்’ என்று கேட்ட மறுநாளே ஓடக் கிளம்பிவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டியிருக்கும். நானே முதல் மாரத்தானுக்குத் தயாரானபோது இந்த வலியை மூன்று வாரம் மறைத்துக்கொண்டு ஓடினேன். எட்டு வாரம் உட்கார வேண்டியதாயிற்று.

இது ஏன் வருகிறது என்று தெரிந்தால் உங்களுக்குப் பொறுமை தானாக வரும். உடம்பின் எல்லாப் பாகமும் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. ஓட ஆரம்பித்த ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடிவிடும். ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் தசைக்குள் சக்தியை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகும். அப்போதுதான் ‘நமக்கு முடிகிறதே’ என்ற தெம்பு வரும். எலும்பு அப்படி இல்லை. நம் ஊரில் சாலை போடுவதைப் பார்த்திருப்பீர்கள்: முதலில் இயந்திரத்தால் பழைய தாரைச் சுரண்டி எடுப்பார்கள், புதுத் தார் பிறகுதான் வரும். எலும்பிலும் பழையதைச் சில செல்கள் மூன்று வாரம் போல அரித்து எடுக்கும். புதியது அங்கே படிந்து முடிய மூன்று நான்கு மாதம் ஆகும். சுரண்டிய சாலையில் லாரி விட்டால் என்ன ஆகும்? ஒரு மாதமாக வாரம் மூன்று நாள் நீங்கள் ஓடிய இன்டர்வெல் அந்த லாரிதான். உங்கள் நெஞ்சும் தசையும் தயார், எலும்பு தயாரில்லை. இருப்பதில் மெதுவாகப் பழகும் உறுப்பு எதுவோ, பயிற்சி அதன் கணக்குப்படி நடக்க வேண்டும்.

சரி, எவ்வளவு மெதுவாக ஓடுவது? உங்களுக்குக் கடிகாரமே வேண்டாம். வகுப்பில் பிள்ளைகளைச் சொல்ல வைப்பீர்களே, அந்த ஏழாம் வாய்ப்பாட்டை ஓடும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொன்று’ என்று மூச்சு முட்டாமல் வர வேண்டும். நடுவில் அறுந்தால் வேகம் அதிகம். அது 9 நிமிடமாக இருந்தாலும் 10 நிமிடமாக இருந்தாலும் அதுதான் இன்றைக்கு உங்கள் சரியான வேகம். சென்னையின் காற்றில் இருக்கும் ஈரத்தையும் கணக்கில் எடுங்கள். வியர்வை காயாததால் தோலைக் குளிர்விக்க இதயம் கூடுதல் ரத்தத்தை அங்கே அனுப்புகிறது. அதனால் அதே வேகத்துக்கு நாடித்துடிப்பு ஏறிவிடும். மார்கழியில் இதே உழைப்புக்கு இன்னும் சற்று வேகமாகப் போவீர்கள்.

1983இல் ஆஸ்திரேலியாவில் சிட்னியிலிருந்து மெல்போர்னுக்கு 875 கி.மீ. ஓட்டப் பந்தயம் நடந்தது. கிளிஃப் யங் என்ற 61 வயது உருளைக்கிழங்கு விவசாயி வந்து நின்றார். ஆட்டு மந்தையை நடந்தும் ஓடியுமே மடக்கி வளர்ந்த மனிதர். இளைஞர்கள் முதல் நாளே அவரைத் தாண்டிப் போய்விட்டார்கள். அவர் பாதத்தை நிலத்திலிருந்து அதிகம் தூக்காமல், சின்னச் சின்ன எட்டாகத் தேய்த்துத் தேய்த்துப் போனார். மற்றவர்களைவிடக் குறைவாகத் தூங்கினார். 5 நாள், 15 மணி, 4 நிமிடத்தில் முதல் ஆளாக மெல்போர்ன் போய்ச் சேர்ந்தார். அந்தத் தூக்கமில்லாமையை நீங்கள் பின்பற்றக் கூடாது. பழுதான திசு சீராவதற்கு ராத்திரி ஏழு மணி நேரத் தூக்கம் தேவை. ஆனால் அந்தச் சின்ன எட்டு உங்களுக்கு மருந்து. எட்டைக் குறைத்து, அடிகளின் எண்ணிக்கையைச் சற்றுக் கூட்டினால் முன் எலும்பில் விழும் இடி குறைகிறது.

வலி பரவலான வகைதான் என்றால், இந்த மூன்று வாரமும் வலிக்காத அளவுக்கு நடை, சைக்கிள் போதும். குக்கர் விசில் வரும்வரை அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை மெல்ல உயர்த்தி இறக்குங்கள். 15 தடவை, வலித்தால் நிறுத்துங்கள். நாள் முழுக்க வகுப்பில் நிற்கும் கால்கள் அவை. இடைவேளையிலாவது உட்காருங்கள். பிறகு வாரம் மூன்று நாள் மட்டும், ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று ஆரம்பியுங்கள். ஓட்டத்தை மெல்லக் கூட்டி, நான்காவது வாரம் தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். இன்டர்வெல் இந்த ஜனவரிக்கு வேண்டவே வேண்டாம். நடந்து ஓடுவது கௌரவக் குறைவும் இல்லை.

9 நிமிட வேகத்தில் 21.1 கி.மீ.க்கு 3 மணி 10 நிமிடம் ஆகும். பதிவு செய்யும்போது கெடு நேரம் எவ்வளவு என்று பாருங்கள். அவ்வளவு நேரம் சாலையில் இருப்பவர்கள் பயத்தில் தண்ணீரைக் குடித்துக்கொண்டே போவதும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். தாகத்துக்குக் குடியுங்கள், உப்புப் போட்ட மோரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ இடையில் சேரட்டும். ஓடும்போது நெஞ்சு இறுக்கம், மயக்கம், படபடப்பு எது வந்தாலும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். வயது 40ஐத் தாண்டியதால் ஓட்டத்தைத் தொடங்கும் முன் ஒரு ஈ.சி.ஜி.யும் ரத்த அழுத்தமும் பார்த்துவிடுங்கள்.

கணவர் கேட்டதற்கும் பதில் இருக்கிறது. உங்கள் வயதுக்குப் பிறகு, குறிப்பாக மாதவிடாய் நின்றதும், பெண்களுக்கு எலும்பு தேய ஆரம்பிக்கும். அளவான ஓட்டம் எலும்புக்கு வலு சேர்க்கும். இந்த வயதில் எதற்கு என்றால், இந்த வயதுக்குத்தான். அடுத்த வாரம் ஸ்கேனுக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஃபெரிட்டின் எண் வந்ததும் எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு, முதல் ஒரு நிமிட ஓட்டத்தை எப்போது தொடங்கலாம் என்று சொல்கிறேன்.