டக் கேள்வி-பதில்: கயிற்றைப் போடாதீர்கள், இறக்குங்கள்

துறைமுகத்தில் கப்பலை இழுத்தும் தள்ளியும் நகர்த்தும் டக் (இழுவைக் கப்பல்) பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கயிற்றைப் பற்றியவை. நல்லதுதான்.

டக்கைச் சுற்றி லாரி டயர் தொங்குகிறதே, எதற்கு? (காசிமேடு வாசகர்)

கப்பலை முட்டித் தள்ளும்போது இரண்டின் தகடும் நசுங்காமல் இருக்க. அவ்வளவுதான்.

5000 குதிரைத்திறன் டக் எத்தனை டன் இழுக்கும்? (தண்டையார்பேட்டை)

எந்த வகை டக் என்று எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? நாசில் (புரொபெல்லரைச் சுற்றிய குழல் வளையம்) உள்ள ஏஎஸ்டி (புரொபெல்லர் எல்லாப் பக்கமும் திரும்பும் வகை) என்றால் 100 குதிரைத்திறனுக்கு ஒன்றேகால் டன் என்று வைத்துக்கொள்ளுங்கள், 60 டன்னைத் தாண்டும். நாசில் இல்லாத பழைய டக்கில் 50 வந்தாலே பெரிது. துறைமுகத்தில் பொலார்டு புல் (நின்ற இடத்தில் இழுக்கும் விசை) எத்தனை டன் என்று கேளுங்கள், குதிரைத்திறனை விடுங்கள்.

வாய்த், ஏஎஸ்டி, இரண்டில் எது சிறந்தது? (கடல்சார் படிப்பு மாணவர், திருவொற்றியூர்)

எந்த வேலைக்கு என்று சொல்லவில்லையே தம்பி. வாய்த் டக்கில் செங்குத்தான இலைகள் அணியத்துப் (முன்) பக்கம் அடியில் சுழலும், கயிறு அமரத்திலிருந்து (பின்பக்கத்திலிருந்து) போகும். எந்தத் திசைக்கும் விசை உடனே மாறும். ஆனால் விலை அதிகம், அதே இன்ஜினுக்கு இழுவை குறைவு. ஏஎஸ்டியில் 360 பாகையும் திரும்பும் இரண்டு புரொபெல்லர் அமரத்தில், வின்ச் (கயிறு சுற்றும் எந்திரம்) அணியத்தில். இன்று புதிதாகக் கட்டும் துறைமுக டக்குகளில் பெரும்பாலானவை இவைதான். நடுவில் கொக்கி வைத்த பழைய டக்கில் வேலைக்குப் போனால் ஒன்றை மறக்காதே: கப்பல் வேகமெடுத்துக் கயிறு குறுக்கே போனால் சில நொடிகளில் டக் கவிழ்ந்துவிடும். கதவுகள் மூடியிருக்கட்டும். இறுகிய கயிற்றின் நேர்கோட்டில் நிற்காதே.

பைலட் (துறைமுகத்தில் கப்பலுக்கு வழிகாட்டுபவர்) 'லெட் கோ' (கயிற்றை விடு) என்றதும் டக் கயிற்றை உடனே விட்டுவிட வேண்டியதுதானே? டக் ஆட்கள் ஏன் கத்துகிறார்கள்? (கப்பலில் பயிற்சியில் இருப்பவர், ராயபுரம்)

கத்தாமல் என்ன செய்வார்கள்? கப்பலின் பிட்டிலிருந்து (கயிறு மாட்டும் இரும்புத் தூண்) கயிற்றின் கண்ணியைக் கழற்றி அப்படியே கடலில் போட்டால், கனத்த கயிறு மொத்தமாக விழும். கீழே இருப்பது டக்கின் புரொபெல்லர். சுற்றிக்கொண்டால் இன்ஜின் நின்றுபோகும். கப்பல் முன்னே வந்துகொண்டிருக்கும், அணியத்துக்கு அடியில் அசைய முடியாத டக். அதில் இருப்பவர்களும் வீட்டுக்குப் போக வேண்டியவர்கள்.

டக் கயிற்றைத் தளர்த்தும்வரை காத்திருங்கள். மெசெஞ்சர் கயிற்றை (டக் கயிற்றின் நுனியில் கட்டிய மெல்லிய கயிறு) பிட்டில் இரண்டு சுற்று சுற்றிப் பிடித்து, டக் வின்ச் இழுக்கும் வேகத்துக்கு ஏற்ப மெல்ல இறக்குங்கள். கண்ணி டக்கின் டெக்கை (மேல்தளத்தை) தொட்ட பிறகுதான் கையை விட வேண்டும். கூடுதலாக ஆகப்போவது ஓரிரு நிமிடம்.

அப்புறம் ஹீவிங் லைன், அதாவது கப்பலிலிருந்து டக்குக்கு முதலில் வீசும் மெல்லிய கயிறு. தூரம் போகவேண்டும் என்று அதன் முடிச்சுக்குள் இரும்பைத் திணிக்கிறார்கள். எங்கள் டெக்கில் விழுந்த ஒன்றை அறுத்துப் பார்த்தோம். உள்ளே எலுமிச்சை அளவு நட்டு, மேலே நான்கு கோட் பெயின்ட். பதினைந்து மீட்டர் உயரத்திலிருந்து வந்தால் ஹெல்மெட்டும் காப்பாற்றாது. மணல் பை போதும், அரைக் கிலோவுக்கு மேல் வேண்டாம். வீசுமுன் குரல் கொடுங்கள், ஆள் இல்லாத பக்கம் வீசுங்கள். இதை எத்தனையோ முறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன். இறுகிய கயிற்றின் நேர்கோட்டில் நிற்காதீர்கள் என்பது உங்களுக்கும்தான்.

ஒரு கப்பலுக்கு எத்தனை டக்? (மணலி)

நீளத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. காற்றைப் பாருங்கள். 300 மீட்டர் கன்டெய்னர் கப்பலின் பக்கவாட்டில் சுமார் 8000 சதுர மீட்டர் காற்றை வாங்கும். 25 நாட் (மணிக்குச் சுமார் 46 கி.மீ.) காற்று குறுக்கே அடித்தால் 80 டன் தள்ளும். 60 டன் டக் ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எண்ணூருக்கு வருவது போன்ற எல்என்ஜி (திரவ இயற்கை எரிவாயு) கப்பல் என்றால் நான்கு டக் என்பது உலகெங்கும் உள்ள பொதுவான வழக்கம்.

கப்பல் தானாகவே வெளியே போகும்போது டக் கூடப் போவது டீசல் வீண் இல்லையா? (பழைய வண்ணாரப்பேட்டை)

இல்லை. 2024 மார்ச் 26 அன்று பால்டிமோரில் டாலி கப்பலை டக்குகள் விட்டு விலகிய பிறகுதான் கப்பலில் மின்சாரம் போனது. கப்பல் மோதிப் பாலம் விழுந்தது.

மின்சார டக் உண்மையில் இழுக்குமா? (எண்ணூர்)

இழுக்கும். ஆக்லாந்தில் 2022 முதல் ஓடும் ஸ்பார்க்கி 70 டன் இழுக்கிறது.

துறைமுக வாயில் பக்கம், கப்பலுக்கும் டக்குக்கும் நடுவில் இடம் இருந்தால் எங்கள் ஃபைபர் படகு தாண்டலாமா? (காசிமேடு)

கூடாது அண்ணே. இடம் காலியாகத் தெரியும், கயிறு தண்ணீருக்குள் தொய்ந்து கிடக்கும். டக் ஒரு இழுப்பு இழுத்தால் விறைத்து மேலே வரும், படகு மேலே இருக்கும். இறுகிய கயிற்றின் பக்கமே வேண்டாம். கப்பல் போகும்வரை நில்லுங்கள், இல்லை அமரத்துப் பக்கம் சுற்றிப் போங்கள். அங்கேயும் ஒரு டக் கட்டியிருந்தால் அதற்கும் பின்னால், நன்றாகத் தள்ளி.