செவ்வாயில் நகரம்: இடமும் பெயரும்

உங்கள் கதையின் நகரத்துக்கு வைத்த 'நியோ மெட்ரோபோலிஸ்' என்ற பெயர் ஒட்டவில்லை என்று எழுதியிருந்தீர்கள். முதலில் இடத்தை முடிவு செய்யுங்கள். பெயர் பின்னால் வரும். 2180இல் நடக்கும் உங்கள் செவ்வாய்க் கதைக்கு, தென்கோளத்தில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் அகலமும் 7 கிலோமீட்டர் ஆழமும் கொண்ட ஹெல்லஸ் பள்ளத்தின் அடித்தளம் பொருத்தமாக இருக்கும். அங்கே காற்றழுத்தம் அக்கோளின் சராசரியைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு என்பதால், மக்கள் ஏன் அங்கே குடியேறினார்கள் என்ற கேள்விக்குக் கதையிலேயே விடை கிடைத்துவிடுகிறது.

'நியோ மெட்ரோபோலிஸ்' ஒட்டாததற்குக் காரணம், அது எந்த நிலத்தையும் சுட்டவில்லை என்பதாக இருக்கலாம். நம் ஊர்ப்பெயர்களில் பட்டினம் கடற்கரையையும் குறிச்சி மலைப்பகுதியையும் காட்டிவிடும். அவ்வழியில் 'செம்பள்ளம்' என்று வைத்துப் பாருங்கள்.

பிறகு ஒரு சோதனை: ஊர்தி ஓட்டுநர் ஒருவர் நிறுத்தத்தின் பெயரை அவசரமாகக் கூவுவதாக ஒரு வரி எழுதுங்கள். தஞ்சாவூர் தஞ்சையாகவும் கோயம்புத்தூர் கோவையாகவும் சுருங்கியதுபோல உங்கள் பெயரும் சுருங்க இடம் தர வேண்டும். செம்பள்ளம் 'செம்பை' ஆகலாம். ஆனால் பாலக்காட்டுக்கு அருகே அப்பெயரில் ஓர் ஊர் இருக்கிறது, சங்கீத ரசிகர்களுக்கு உடனே கர்நாடக இசைப் பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர்தான் நினைவுக்கு வருவார். எனவே வெறும் 'பள்ளம்' என்று சுருக்குவதே எனக்குப் பிடித்திருக்கிறது.

ஓர் எச்சரிக்கை: ஹெல்லஸில் காற்றழுத்தம் இரு மடங்கு என்றாலும் அது பூமியின் காற்றழுத்தத்தில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான். ஆகவே உங்கள் நாயகி நகரை மூடியிருக்கும் மாடத்துக்கு வெளியே அழுத்த உடையில்லாமல் நடக்கும் அந்த முதல் காட்சியை மாற்றியே ஆக வேண்டும்.