கொரியா ஹாக்வோன்: ரிலீஸ் லெட்டர் தர மறுத்தால்

உங்கள் ஹாக்வோன் (கொரியத் தனியார் பயிற்சி மையம்) சம்பளமும் தராமல், ரிலீஸ் லெட்டரும் (வேறிடம் மாற முதலாளி தரும் சம்மதக் கடிதம்) தர மறுக்கிறது என்கிறீர்கள். ஒப்பந்தம் முடியுமுன் அந்த லெட்டர் இல்லாமல் இ-2 (வெளிநாட்டு மொழி ஆசிரியர்) விசாவில் வேறு ஹாக்வோனுக்கு மாறுவது பொதுவாக முடியாது. ஆனால் உங்களுக்கு 2 மாதச் சம்பளம் பாக்கி. அதுதான் உங்கள் பிடி.

1350-இல் (தொழிலாளர் அமைச்சக உதவி எண்) கூப்பிட்டு, தொழிலாளர் அலுவலகத்தில் சம்பளப் பாக்கிப் புகார் கொடுங்கள். ஒப்பந்தம், வங்கி ஸ்டேட்மென்ட், காக்காவோ டாக் (கொரிய மெசேஜிங் செயலி) உரையாடல் போதும். பாக்கி உறுதியானதும் அந்தச் சான்றோடு, லெட்டர் இல்லாமலே மாற முடியுமா என்று குடிவரவு அலுவலகத்தைக் (உதவி எண் 1345) கேளுங்கள். முடிவு அதிகாரி கையில்தான்.

தேசிய ஓய்வூதிய அலுவலகத்தில் உங்கள் கணக்கையும் பாருங்கள். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருக்கும் முதலாளிகள் உண்டு.

சொல்லாமல் விமானம் ஏறிவிடாதீர்கள். வேலையில் சேர்ந்து 11-ஆம் மாதம் என்றால் பல்லைக் கடித்து ஓராண்டை முடியுங்கள். பணிக்கொடை அதற்குப் பிறகுதான். இடைப்பட்ட காலத்தில் தனி ட்யூஷன் வேண்டாம், இ-2வில் அது சட்டவிரோதம்.